கடற்கரை முதல் தாம்பரம் வரை

மூன்றாமாண்டு, பி.ஏ. (வரலாறு)

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை கோட்டைகளும் கொத்தளங்களும் போர்க்களங்களும்தாம். எந்த மன்னர் எப்போது முடி சூடினார், எந்தப் போரில் எவர் வென்றார் என்பதை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். ஆனால் நாள்தோறும் காலையில் நம்மைச் சுமந்து வந்து இறக்கிவிட்டு, மாலையில் மீண்டும் வீட்டில் சேர்க்கும் மின்சார ரயிலுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பவர் நம்மில் சிலரே. நம் வகுப்பில் மட்டும் பாதிப்பேருக்குக் குறையாமல் ரயிலில் வருகிறோம். கூடுவாஞ்சேரியிலிருந்து வரும் நான் அவர்களில் ஒருவன். மூன்றாண்டுகளாக அந்த வண்டியில் நின்றும், சில நாள் அமர்ந்தும், பல நாள் நசுங்கியும் வந்திருக்கிறேன். அந்த உரிமையில் அதன் கதையைச் சொல்ல முனைகிறேன்.

அரசர்கள் இல்லாத வரலாறுதான் இது. ஆனாலும் இதில் ஏரிகள் மறைந்திருக்கின்றன; ஊர்கள் பிறந்திருக்கின்றன; எங்கள் வீட்டில் ஒரு பெண் கல்லூரிக்குப் போயிருக்கிறாள்.

புகைவண்டி வந்த காலம்

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியது என்பது பள்ளிப் பாடம். தென்னாட்டில் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்த இராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் தூண்களோடு நிற்கிறது. ஆனால் அந்த ரயில் ஊரைவிட்டு ஊர் போவதற்காக வந்தது. துறைமுகத்தையும் உள்நாட்டையும் இணைப்பதே அதன் நோக்கம். மயிலாப்பூரிலிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போகும் ஒரு குமாஸ்தாவுக்கு அதனால் பயன் ஏதும் இல்லை.

நகரத்துக்குள்ளேயே மக்களை ஏற்றி இறக்குவது வேறு தொழில். உலகில் அதைப் பெரிய அளவில் முதலில் செய்தது இலண்டன் மாநகரம். 1863-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே பூமிக்கடியில் சுரங்கப் பாதையில் நீராவி எஞ்சின் பூட்டிய வண்டி ஓடியது. சுரங்கத்துக்குள் புகை! ஏறியவர்கள் எப்படி மூச்சுவிட்டார்களோ என்று வியக்கத் தோன்றுகிறது. 1890-இல் அதே நகரில் மின்சாரத்தால் ஓடும் சுரங்க ரயில் வந்தபோதுதான் அந்தத் தொல்லைக்கு வழி பிறந்தது. நகர ரயிலுக்கு ஏற்றது நிலக்கரி அன்று, மின்சாரமே என்று உலகம் கற்றுக்கொண்டது அப்போதுதான். அடிக்கடி நிற்கவும் உடனே வேகமெடுக்கவும் மின்சார வண்டியால்தான் முடியும்.

நம் சென்னை அதைக் கற்றுக்கொள்ள அதிகக் காலம் எடுத்துக்கொள்ளவில்லை. 1895-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். முதலில் தெருவின் நடுவே பள்ளம் வெட்டி அதற்குள் மின்கம்பி பதித்திருந்தார்கள். நம் ஊர் மழைக்காலம் அதற்கு ஒத்துவரவில்லை. பிறகு கம்பியைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். மயிலாப்பூரிலிருந்து டிராம் ஏறி வேலைக்குப் போன பழைய தலைமுறையைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஓடிய டிராம், 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் நின்றுபோயிற்று. அதன் தண்டவாளங்கள்கூட இன்று தெருவில் இல்லை.

டிராம் போயிற்று, ரயில் நின்றது. ஏன்? டிராம் தெருவை மற்றவர்களோடு பங்கிட்டுக்கொண்டது. ஊர் பெருத்து, பஸ்ஸும் காரும் பெருகியபோது அதற்கு இடம் இல்லாமல் போயிற்று. ரயிலோ தனக்கென்று ஒரு பாதையை முன்னதாகவே பிடித்து வைத்திருந்தது. இந்தப் பாடத்தைப் பின்னால் மறுபடி பார்ப்போம்.

1931

சென்னையில் அக்காலத்தில் இரண்டு ரயில்வேக்கள் இருந்தன. சென்ட்ரல் நிலையத்துக்கு வந்தது அகல ரயில் பாதை. ஐந்தடி ஆறங்குலம் அகலம். எழும்பூருக்கு வந்தது தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பாதை. ஒரு மீட்டர் அகலம். அதனால்தான் அதை மீட்டர் கேஜ் என்றார்கள். தென்னிந்திய ரயில்வே 1874-இல் இரண்டு பழைய கம்பெனிகளை இணைத்து உருவானது. அதன் தலைமையிடம் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. இன்று நாம் காணும் எழும்பூர் நிலையக் கட்டடத்தை அந்தக் கம்பெனி 1908-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் திறந்தது. திருச்சி, மதுரை, தூத்துக்குடி என்று தெற்கே போகிறவர்களெல்லாம் அங்கேதான் ஏறினார்கள்.

எழும்பூரிலிருந்து தெற்கே தாம்பரம் வரை பாதை ஏற்கெனவே இருந்தது. அதில் நெடுந்தூர வண்டிகளோடு நகர வண்டிகளையும் நீராவியால் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1920-களில் நகரம் தெற்கு நோக்கி விரியத் தொடங்கியதும், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையுள்ள 29 கிலோமீட்டருக்கும் மின்சாரம் தருவது என்று முடிவாயிற்று. பம்பாயில் 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியிருந்தது. அது அகலப் பாதை. மீட்டர் பாதையில் மின்சாரம் என்பது இந்தியாவில் நம் சென்னைக்குத்தான் முதலில் வாய்த்தது.

1931-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் அப்போதைய கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அந்தச் சேவையைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் அதில் பயணம் செய்தார்கள். நேர் மின்சாரம், 1,500 வோல்ட்டு. இதில் ஓர் இடைஞ்சல் உண்டு. மின்னழுத்தம் குறைவாக இருந்தால் மின்னோட்டம் அதிகம் வேண்டும். அதற்குத் தடித்த கம்பிகளும், வழிநெடுக அடிக்கடி துணைமின் நிலையங்களும் வேண்டும். ஆகவேதான் 1960-களில் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை மின்மயமாக்கியபோது 25,000 வோல்ட்டு மாறு மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கடற்கரை - தாம்பரம் பாதையும் அதற்கு மாறியது. இயற்பியல் துறை நண்பர்கள் இதை என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.

அந்நாளைய நிலையங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம். இவற்றில் பல அன்று நகரமே அல்ல. வயலும் ஏரியும் பனந்தோப்பும் சூழ்ந்த சிற்றூர்கள். ரயில் அங்கே கூட்டத்தைத் தேடிப் போகவில்லை. ரயில் போன பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1948-இல் ஏவி.எம். ஸ்டுடியோ காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்தது. 1958-இல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. கல்லூரி, சினிமா, தொழிற்சாலை ஆகிய மூன்றுக்கும் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரே தண்டவாளம்.

ஏரி இருந்த இடம்

இனி மாம்பலத்தில் சற்று இறங்குவோம்.

இன்று தியாகராய நகர் என்று நாம் அழைக்கும் இடத்தில் நூறாண்டுகளுக்கு முன்பு ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை மவுண்ட் ரோடுக்கு மேற்கே நீண்டு கிடந்த அதை ஆங்கிலேயர் 'லாங் டாங்க்' என்றார்கள்; நீண்ட ஏரி. 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது ஏரியின் மாம்பலப் பகுதியைத் தூர்த்து மனைகளாக்கினார்கள். 1925-இல் மறைந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் ஊருக்கு இடப்பட்டது. நடுவில் அமைந்த பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். உஸ்மான் ரோடு, ஜி.என். செட்டி ரோடு என்று தெருக்களும் அக்காலத்துப் பொதுவாழ்வின் பெயர்ப்பட்டியலாகவே விளங்குகின்றன.

அரசாங்கம் திட்டமிட்டுக் கட்டிய பகுதி தண்டவாளத்துக்குக் கிழக்கே இருந்தது. அகன்ற சாலைகள், பூங்கா, பள்ளிகள் எல்லாம் அந்தப் பக்கம். மேற்கே இருந்தது மேற்கு மாம்பலம். அது தன் போக்கில் வளர்ந்தது. சந்துகள், சாக்கடை, கொசு. யானைக்கால் நோய்க்குப் பேர்போன பகுதி என்று ஒரு காலத்தில் அதைச் சொல்வார்கள். ஒரே நிலையம், ஒரே பெயர். ஆனால் இந்தப் பக்கம் இறங்கினால் ஓர் ஊர், அந்தப் பக்கம் இறங்கினால் வேறோர் ஊர். ரயில் ஊர்களை இணைக்கிறது என்று நாம் எழுதுகிறோம். இணைக்கிறது, உண்மைதான். நெடுக்கே இணைக்கிறது, குறுக்கே பிரிக்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே போக கேட்டில் காத்திருந்தார்கள். பின்னர் துரைசாமி சுரங்கப் பாதையும் அரங்கநாதன் சுரங்கப் பாதையும் வந்தன.

அந்தச் சுரங்கப் பாதைகளில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவது எல்லாரும் அறிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2021 நவம்பர் மழையிலும் தியாகராய நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் தெரு என்று பொருள். ஏரி இல்லை, பெயர் மட்டும் உண்டு. மழை பெய்தால் ஏரியும் வந்துவிடுகிறது.

ரயிலுக்காக ஏரியைத் தூர்த்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏரி மனையாக வேண்டும் என்றால் அங்கே குடியேறுகிறவன் வேலைக்குப் போக வழி வேண்டும். வழி வந்தது, மனைக்கு மதிப்பு வந்தது, தண்ணீர் போக இடம் இல்லாமல் போயிற்று. இம்மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வரலாறு என்று எண்ணுகிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கு

என் பாட்டி 1980-களில் கீரை விற்றவர். விடியுமுன் கட்டுகளைக் கூடையில் அடுக்கி, தாம்பரம் வரை பஸ்ஸில் வந்து, அங்கே மின்சார ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்குவார். அப்போது மீட்டர் கேஜ் வண்டி. பெட்டி குறுகலாக இருக்கும். கூடையைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு கதவோரம் குந்தியிருப்பாராம். அரங்கநாதன் தெருவில் விற்று முடித்து, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார். "நமக்கு நெலம் இல்ல, கடை இல்ல. ரயிலுதான் நம்ம கடைவாசல்" என்பார். படிக்காத பாட்டி, ஆனால் நகரப் பொருளாதாரத்தைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

என் தாயார் அதே தெருவுக்கு அருகே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். காலை முதல் இரவு வரை நிற்கும் வேலை. கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் நம் சட்டப்பேரவை சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன்பெல்லாம் என் தாயாருக்கு ஒரு நாளில் உட்காரக் கிடைத்த இடம் இரவு வண்டியின் இருக்கை ஒன்றுதான். அதுவும் மாம்பலத்தில் ஏறி, பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ யாராவது எழுந்தால்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. ரயில்கள் நின்றன. செப்டம்பரில் கடைகள் திறந்தன. மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ்களும் ஓடின. ஆனால் மின்சார ரயில் பொதுமக்களுக்கு ஓடவில்லை. கடையிலிருந்து ஆள் அனுப்பினார்கள்: வருகிறாயா, வேறு ஆளை வைத்துக்கொள்ளட்டுமா? என் தாயார் பஸ்ஸில் போனார். இரண்டு பஸ் மாறவேண்டும். நாளொன்றுக்குப் போக வர எண்பது ரூபாய். மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்றால் 2,080 ரூபாய். அவருடைய சம்பளம் அப்போது 8,000 ரூபாய். ரயில் சீசன் டிக்கெட்டோ மாதம் முழுவதற்கும் இருநூறு ரூபாய் அளவில்தான். நான் அப்போது பள்ளி மாணவன். அந்தக் கணக்கை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் தாயார் எழுதிப் பார்த்ததைக் கண்டேன். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 23 முதல் கூட்டமில்லாத நேரங்களில் மட்டும் பெண்கள் ரயிலில் போகலாம் என்று அறிவித்தார்கள். என் தாயார் இருட்டோடு கிளம்பி, காலை நேரத் தடைக்கு முந்திய வண்டியைப் பிடித்து, கடை திறக்கும் வரை மாம்பலம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பார். அவரைப் போலவே இன்னும் பலர். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், துணிக்கடைப் பெண்கள், மருத்துவமனைகளில் துப்புரவு செய்கிறவர்கள். "பிளாட்பாரமே பள்ளிக்கூடம் மாதிரி ஆயிடுச்சுடா, எல்லாரும் வரிசையா டப்பாவத் திறந்து சாப்பிடுவோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எண்பத்தொன்பது ஆண்டுகளாக ஓடிய ஒரு வண்டி சில மாதங்கள் நின்றபோதுதான், அது எத்தனை வீடுகளின் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.

என் அக்காவின் கதையும் இதோடு சேர்ந்ததே. அவளுக்கு நகரத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, உறவினர்கள் தூரத்தைச் சொல்லித் தடுத்தார்கள். பெண்பிள்ளையைத் தினமும் முப்பது கிலோமீட்டர் அனுப்புவதா? விடுதிக்குப் பணம் இருக்கிறதா? என் தந்தை முடிவு சொல்லத் தயங்கியபோது பாட்டி திண்ணையிலிருந்தே பேசினார்: "ரயிலு இருக்குதுல்ல, அப்புறம் இன்னா? பொம்பளைங்க பொட்டியில ஏறிப் போயிட்டு வரட்டும். நான் போவலியா?" அதற்கு மறுபேச்சு இல்லை. அக்கா இன்று ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். இரண்டாவதாக நான் வரவேண்டும்.

மயிலையில் பறக்கும் ரயில்

தெற்குச் சென்னையில் இன்னொரு ரயிலும் உண்டு. மயிலாப்பூர், மந்தைவெளி, கோட்டூர்புரம், திருவான்மியூர் வழியாகப் போகும் பறக்கும் ரயில். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997-இல் திருமயிலை வரையும் அது வந்தது. திருவான்மியூருக்கு 2004-இலும், வேளச்சேரிக்கு 2007-இலும் நீண்டது. அடையாற்றுக் கரையிலும் மயிலையிலும் குடியிருப்போருக்கு முதன்முதலில் கிடைத்த ரயில் இதுதான். 1931-இல் மாம்பலத்துக்குக் கிடைத்தது மயிலைக்கு 1997-இல் கிடைத்தது என்றால், இடையே அறுபத்தாறு ஆண்டுகள்!

இந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தது பக்கிங்காம் கால்வாய். மயிலாப்பூர் போன்ற பழைய ஊரில் தரையில் பாதை போட இடம் ஏது? வீடுகளை இடிக்காமல் கிடைத்த ஒரே நீண்ட இடம் கால்வாய்தான். ஆகவே தூண்கள் நீருக்குள் இறங்கின. ஒரு காலத்தில் விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் வந்த கால்வாய் அது. 1870-களின் இறுதியில், தாது வருஷப் பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாக ஏழை மக்கள் வெட்டிய பகுதியும் அதில் உண்டு. இன்று அண்ணாந்தால் ரயில், குனிந்தால் சாக்கடை.

டிராமின் பாடத்தைப் பின்னால் பார்ப்போம் என்றேன் அல்லவா? முன்கூட்டியே பாதை பிடித்த ரயில் நிலைத்தது. தெருவை நம்பிய டிராம் அழிந்தது. காலம் கடந்து வந்த ரயில் கால்வாயின் மேல் ஏறி நிற்கிறது. நீரைப் பொறுத்தவரை மூன்றிலும் நாம் நல்ல பெயர் எடுக்கவில்லை. மாம்பலத்தில் ஏரி போயிற்று. மயிலையில் கால்வாய் குறுகிற்று. அடுத்து ஒரு பாதை போடும்போது முதலில் வரைபடத்தில் நீரின் வழியைக் குறித்துவிட்டு, பிறகு தண்டவாளத்தின் வழியைக் குறித்தால் என்ன?

படிக்கட்டு

இதுவரை சொன்னது கடந்த காலம். மாணவ நண்பர்களுக்கு நிகழ்காலத்தைப் பற்றியும் ஒரு சொல்.

2004-இல் மீட்டர் பாதையில் கடைசி மின்சார வண்டி ஓடியது. அகலப் பாதை வந்தது, பெட்டிகள் அகலமாயின. ஆனால் கூட்டம் அதைவிட வேகமாக வளர்ந்தது. படிக்கட்டில் தொங்குவது நம்மில் சிலருக்கு வீரமாகவும், பலருக்கு வேறு வழியின்மையாகவும் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் காலை பரங்கிமலை நிலையத்தில், வழக்கமான பாதையில் மின்கம்பி அறுந்ததால் ஒரு வண்டியை விரைவுப் பாதைக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர் இருந்தது. படியில் தொங்கியவர்கள் அதில் மோதினார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். இளைஞர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைக் கடக்கும்போது எங்கள் பெட்டியில் யாராவது ஒருவர், "உள்ளே வா தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் கடற்கரை - செங்கல்பட்டு பாதையில் குளிரூட்டப்பட்ட மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும். எவரும் தொங்க முடியாது. நல்லது. ஆனால் தொடங்கியபோது அதில் குறைந்த கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியிலோ 5 ரூபாய். குளிர்ந்த காற்றுக்குக் கூடுதல் காசு கேட்பது நியாயம் என்று ஒப்புக்கொள்ளலாம். கதவுக்கும் கூடுதல் காசா? வியர்வையைத் தாங்கிக்கொள்வோம், விழுந்தால் எழ முடியாது. சாதாரண வண்டிகளுக்கும் மூடும் கதவுகளும், கூட்ட நேரத்தில் கூடுதல் வண்டிகளும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதுவரை உள்ளே தள்ளி நின்று பின்னால் வருகிறவருக்கு இடம் விடுவது நம் கடமை. கல்லூரி மாணவன் என்றால் படிக்கட்டில் பாட்டுப் பாடுகிறவன் என்ற பெயரை மாற்றுவதும் நம் கையில்தான் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

ரயில்வேயின் ஆவணங்களில் தேதிகளும் வோல்ட்டுகளும் கிலோமீட்டர்களும் இருக்கின்றன. என் பாட்டியின் கீரைக்கூடை எந்த ஆவணத்திலும் இல்லை. அந்த மீட்டர் கேஜ் வண்டிகளில் பயணம் செய்தவர்கள் நம் வீடுகளிலும் தெருக்களிலும் இன்னும் இருக்கிறார்கள். சீசன் டிக்கெட்டை முந்தானையில் முடிந்து வைத்தவர்கள், பத்து நிமிடம் தாமதமானால் சம்பளம் பிடிக்கப்பட்டவர்கள், கேட் மூடியபோது காத்துக் கிடந்தவர்கள் எல்லாரும் நம் கண்முன்னே முதுமை அடைந்து வருகிறார்கள். கேட்டு எழுதிக்கொள்ள நாம் இன்னும் பத்தாண்டு காத்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்.

ஆகவே நம் துறைப் பேராசிரியர்களிடம் பணிவுடன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கடற்கரை முதல் தாம்பரம் வரையுள்ள நிலையங்களை நம் வகுப்பு மாணவர்களுக்கு ஆளுக்கொன்றாய்ப் பகிர்ந்து கொடுங்கள். ஒவ்வொருவரும் அந்த நிலையத்தைச் சுற்றி வாழும் முதியவர் ஐந்து பேரைச் சந்தித்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி வரட்டும். அந்த நோட்டுகளை நம் நூலகத்தில் வைப்போம். அடுத்து வரும் மாணவர்கள் அவற்றோடு தங்கள் பங்கையும் சேர்க்கட்டும்.

மாம்பலத்தை எனக்கு ஒதுக்கிவிடுங்கள். முதல் முதியவரை நான் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து பேசுவதாக அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.